வெண்புள்ளி ஆபரேஷன்: முதலில் உதடு, கடைசியில் விரல் நுனி, எதுவும் இப்போது வேண்டாம்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 31 வயது. உசிலம்பட்டிப் பக்கம் ஊர். வீட்டிலிருந்தே மல்லிகை கட்டிக் கொடுக்கிறேன். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. ஆறு வருடத்துக்கு முன் நெற்றியில் வெண்புள்ளி ஆரம்பித்து, கன்னம், முன்கை என்று பரவியது. களிம்பும் லைட் சிகிச்சையும் எடுத்ததில் முகமும் முன்கையும் நன்றாக நிறம் திரும்பிவிட்டன. ஆனால் கீழுதடு, இரண்டு கை விரல் நுனிகள், இடது கணுக்கால், இந்த மூன்று இடம் மட்டும் அசையவே இல்லை. போன தீபாவளி சமயத்தில் அரிவாள்மனையில் விரல் கணுவில் வெட்டுப்பட்டது. காயம் ஆறிய இடத்தில், கார்த்திகைக்குள் புதிதாக ஒரு வெள்ளை வந்தது. மதுரையில் ஒரு கிளினிக்கில், "மூன்றையும் ஒரே நாளில் ஆபரேஷன் செய்துவிடலாம், நூற்றுக்கு நூறு சரியாகும்" என்று சொல்லி முன்பணம் கேட்கிறார்கள். மாமியார் கார்போகரிசியை அரைத்துப் போட்டு வெயிலில் உட்காரச் சொல்கிறார். ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்கிறார்களே, மகளுக்கும் வருமா?

பதில்:

போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்த அரிவாள்மனை வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சாதாரண வெட்டு ஆறிய இடத்தில் வெள்ளை வந்திருக்கிறது என்றால், குறைந்தது அந்தக் கார்த்திகை வரைக்குமாவது உங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களைத் தாக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. காயம் பட்ட இடத்தில் வெண்புள்ளி முளைப்பதைத் தோல் டாக்டர்கள் கோப்னர் விளைவு என்பார்கள். ஆபரேஷன் என்பதும் ஒரு காயம்தான், நாங்களே தோலைச் சுரண்டி, கீறி உண்டாக்கும் காயம். சமையலறை வெட்டுக்கே வெளுக்கிற தோல், டாக்டர் செய்கிற காயத்துக்கு மட்டும் மரியாதை கொடுக்காது. ஒட்டிய இடம் வெளுக்கலாம், அதைவிடக் கொடுமை, நல்ல தோல் எடுத்த தொடையும் சேர்ந்து வெளுக்கலாம்.

அதனால் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஆபரேஷன் பயன்படும், ஆனால் இப்போது செய்யக் கூடாது. செய்யும்போதும் மூன்றையும் ஒரே நாளில் செய்யக் கூடாது. முதலில் உதடு, அது எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுக் கணுக்கால், விரல் நுனி கடைசியில், அதுவும் இதையெல்லாம் படித்த பிறகும் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால். முன்பணம் கட்டாதீர்கள்.

முகத்துக்கும் முன்கைக்கும் வந்த நிறம் இந்த மூன்று இடத்துக்கு ஏன் வரவில்லை என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். லைட் சிகிச்சை எடுத்தபோது கவனித்திருப்பீர்கள், வெள்ளைக்கு நடுவில் மிளகு தூவினாற்போல முதலில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் வந்திருக்கும், அப்புறம் அவை அகன்று ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு முடிக்கால். மேல்தோலில் நிறமி செல்கள் அழிந்துபோனாலும் முடியின் வேருக்குள் கொஞ்சம் இருப்பு பத்திரமாக இருக்கும், மருந்தும் ஒளியும் அதைத்தான் எழுப்பி மேலே கொண்டுவருகின்றன. உதட்டின் சிவந்த பகுதியில் முடி கிடையாது. விரல் நுனியில் கிடையாது, உள்ளங்கை, உள்ளங்காலிலும் கிடையாது. இருப்பே இல்லாத இடத்தில் எத்தனை ட்யூப் களிம்பு தேய்த்தாலும் எழுந்து வர ஆள் இல்லை. கணுக்காலில் முடி உண்டு, ஆனால் குறைவு, எலும்புக்கு மேலே இழுத்துப் பிடித்த தோல், செருப்பு வார் உரசுகிற இடம் வேறு. அங்கே வெள்ளைக்குள் இருக்கும் பூனைமுடியை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முடி கறுப்பாக இருந்தால் இன்னும் சில மாதம் லைட் சிகிச்சைக்கு அவகாசம் கொடுக்கலாம். முடியும் வெளுத்துவிட்டது என்றால் வேருக்குள் இருந்த இருப்பும் காலி, களிம்புக்குக் காசு செலவழிப்பதை நிறுத்திவிடலாம்.

இருப்பு இல்லாத இடத்துக்கு வெளியிலிருந்து நிறமி செல்களைக் கொண்டுபோய் வைப்பதுதான் இந்த ஆபரேஷன்கள் எல்லாமே. பெயர்கள் பல, அடிப்படை ஒன்று. உங்கள் சொந்தத் தோலைத்தான் எடுத்து வைப்போம், பெரும்பாலும் தொடையிலிருந்தோ பிட்டத்திலிருந்தோ. வேறு யாருடைய தோலும் ஒத்துக்கொள்ளாது, அதனால் "என் தோலை எடுத்துக்கோங்க" என்று முன்வரும் அம்மாக்களுக்கு நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவோம்.

இப்போது, எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு. புதிய புள்ளி வராமல், பழைய புள்ளி பெரிதாகாமல், காயம் பட்ட இடம் வெளுக்காமல் குறைந்தது ஒரு வருடம் ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் வெண்புள்ளி அடங்கியிருக்கிறது என்று நம்பி ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். கை, கால் நுனிகளில் வரும் வகைக்கு இன்னும் கூடுதலாகக் காத்திருக்கச் சொல்கிற டாக்டர்களும் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வந்து அப்படியே நின்றுவிடும் வெண்புள்ளிக்குத்தான் ஆபரேஷனில் மிக நல்ல பலன் கிடைக்கிறது. உங்களுடையது அது இல்லை. இரண்டு பக்கமும் வருகிற வகை, அதிலும் உதடும் விரல் நுனியும் சேர்ந்து வெளுப்பது பிடிவாதமானது. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா என்று கடிதத்தில் தெரியவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

உங்கள் கணக்கு போன கார்த்திகையில் ஆரம்பிக்கிறது. வரும் கார்த்திகை வரை வேறெதுவும் புதிதாக வரவில்லை என்றால் ஒரு வருடம் ஆகும். நடுவில் ஒன்று வந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான். மாதம் ஒரு முறை ஒரே ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஒரே கோணத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து செல்போனில் படம் எடுத்து வையுங்கள். "பெரிசான மாதிரி இருக்கு", "இல்ல, அப்படியேதான் இருக்கு" என்று வீட்டில் நடக்கும் பட்டிமன்றத்துக்கு அந்தப் படம் தீர்ப்பு சொல்லும். வெள்ளைக்கும் நல்ல தோலுக்கும் நடுவே விளிம்பு மங்கலாக இருப்பது, நடுவில் இன்னொரு வெளிர் நிறப் பட்டை தெரிவது, பெரிய புள்ளியைச் சுற்றிக் குருணை சிதறினாற்போலக் குட்டிப் புள்ளிகள் வருவது, இவையெல்லாம் நோய் நடமாட்டத்தில் இருப்பதற்கான அடையாளங்கள். அப்படி ஏதாவது இருந்தால் ஆபரேஷனை மறந்துவிட்டு அதை அடக்குகிற மருந்துக்குத்தான் போக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் குறைந்த அளவில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிற முறை ஒன்று நம் நாட்டில் நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது, டோஃபாசிட்டினிப் போன்ற புது மருந்துகளும் இருக்கின்றன. இரண்டையுமே மருந்துக்கடையில் நேராகக் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள், ரத்தப் பரிசோதனை பார்த்துக் கொடுக்க வேண்டியவை அவை.

உங்களைப் போல அண்மையில் கோப்னர் காட்டிய ஆளுக்கு நான் இன்னொரு காரியமும் செய்வேன், சோதனை ஒட்டு. பிட்டத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் விட்டத்தில் நாலைந்து துணுக்குத் தோல் எடுத்து, கணுக்கால் வெள்ளைக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்துவிட்டு மூன்று மாதம் சும்மா விட்டுவிடுவது. துணுக்கைச் சுற்றி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நிறம் பரவியிருந்தால் நல்ல சகுனம். துணுக்கே வெளுத்துவிட்டால், அல்லது எடுத்த இடம் வெளுத்தால், ஒரு பெரிய ஏமாற்றத்தைச் சின்னக் காயத்தோடு தவிர்த்துவிட்டோம் என்று நிம்மதி அடையலாம். கணுக்காலில் நிறம் பரவினால் உதட்டிலும் பரவும் என்று இதை வைத்து எழுதிக் கொடுக்க முடியாது, ஒரே ஆளுக்கு ஓரிடம் அடங்கியும் இன்னோரிடம் அடங்காமலும் இருக்கலாம். ஆனாலும் கையில் எதுவுமே இல்லாமல் முடிவெடுப்பதற்கு இது எவ்வளவோ மேல். புரட்டாசியில் சோதனை ஒட்டு வைத்தால் மார்கழியில் முடிவு தெரிந்துவிடும், உங்கள் ஒரு வருடமும் அதற்குள் முடிந்திருக்கும்.

மார்கழி என்று நான் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து மாட்டுத்தாவணி பூச்சந்தையில் விலை எகிறி நிற்கும், கட்டுவதற்கு உங்களுக்கு வரும் பூவும் கம்மியாக இருக்கும். வேலையை விட்டு ஓய்வெடுத்தால் இழப்பு குறைவு. பங்குனி, சித்திரையில் பூ கொட்டும், அந்த வெயிலில் கட்டுக்குள் வியர்த்து ஊறி ஒட்டு நழுவிப்போகவும் வாய்ப்பு அதிகம். ஆகவே ஆபரேஷன் தேதியை டாக்டர் வசதிக்கு மட்டும் விடாமல் பூ வரத்தையும் பார்த்து வையுங்கள்.

சரி, உதடு. உதட்டுக்கு எனக்குப் பிடித்தது கொப்புள ஒட்டு. தொடையில் மரத்துப்போகிற ஊசி போட்டு, தண்டை உருவிய சிரிஞ்சுகளின் அகன்ற வாயைத் தோலின் மேல் கவிழ்த்து வைத்து, மூன்று வழிக் குழாய் வழியாக உள்ளே இருக்கும் காற்றை இழுத்துவிடுவோம். இரண்டு மூன்று மணி நேரம் நீங்கள் படுத்துக்கொண்டு செல்போன் பார்க்கலாம். வெற்றிடத்தின் இழுப்பில் மேல்தோல் மட்டும் மெல்ல அடித்தோலிலிருந்து பிரிந்து, சூடு பட்டாற்போல நீர்க்கொப்புளமாக எழும்பும். அந்தக் கொப்புளத்தின் கூரைதான் ஒட்டு. நிறமி செல்கள் அதன் அடிப்பக்கத்தில் இருக்கின்றன, அதனால் கத்தரித்து எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பும்போது எது மேல் எது கீழ் என்று மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை, தலைகீழாக வைத்தால் அவ்வளவுதான். உதடு மரத்துப்போக முகவாய் நரம்புக்குப் பக்கத்தில் ஒரு ஊசி. வெள்ளைப் பகுதியின் மேல்தோலை, ஊசிமுனை அளவில் ரத்தப் பொட்டுகள் அரும்பும் வரை தேய்த்து நீக்கிவிட்டு, ஒட்டை விளிம்பு தாண்டிக் கொஞ்சம் பெரிதாகவே பரப்பிக் கட்டுப் போடுவோம்.

தொடையில் எடுத்த இடம் ஒன்று, இரண்டு வாரத்தில் தழும்பில்லாமல் ஆறிவிடும், கொஞ்ச நாள் கறுப்பாக வட்டம் தெரியும், அது போய்விடும். கஷ்டமெல்லாம் உதட்டில்தான். எச்சில் படும், சாப்பிடும்போது அசையும், பேசும்போது அசையும். முதல் சில நாளுக்குக் கஞ்சி, மோர், இளநீர் போல மெல்ல வேண்டாதது மட்டும், வாயை அகலத் திறந்து சிரிக்கக் கூடாது, காரம் வேண்டாம், வெற்றிலை பழக்கம் இருந்தால் அறவே வேண்டாம். உதட்டில் அடிக்கடி அக்கி போலக் கொப்புளம் கிளம்புகிற ஆள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உதட்டைச் சுரண்டியதும் அந்த வைரஸ் கிளம்பி ஒட்டைக் கெடுத்துவிடும் என்பதால், முதல் நாளிலிருந்தே அசைக்ளோவிர் போன்ற மாத்திரை கொடுத்துவிடுவோம். இதைக் கேட்காமல் உதட்டு ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கிற இடத்தை நான் நம்ப மாட்டேன்.

ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரிப்போம். அடுத்த சில நாளில் ஒட்டிய தோல் காய்ந்து, கருகி, சக்கையாக உரிந்து விழும். இதைப் பார்த்து அழுதுகொண்டே வருகிறவர்கள் அதிகம். விழுந்தது மேலே இருந்த பொருக்குத்தான், நிறமி செல்கள் அதற்குள் கீழே குடியேறியிருக்கும். அடியில் இளஞ்சிவப்பாகத் தெரிகிற தோல் அடுத்த சில வாரங்களில் மெல்ல நிறம் கட்ட ஆரம்பிக்கும். முதலில் சுற்றியுள்ள உதட்டைவிடக் கறுப்பாகத்தான் வரும், நம்ம ஊர் மாநிறத்தில் அது நன்றாகவே தெரியும், சில மாதங்களில் கலந்துவிடும். ஒட்டுக்கும் நல்ல உதட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு நின்றுவிடுவதும் உண்டு, அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். ஆறு மாதத்துக்கு முன்னால் யாரும், நீங்களோ நானோ, வெற்றி தோல்வி பேசக் கூடாது.

கணுக்காலுக்கு இரண்டு வழி. ஒன்று, துணுக்கு ஒட்டு, ஊரில் பஞ்ச் கிராஃப்ட் என்றே சொல்கிறார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் துணுக்குகள் எடுத்து, வெள்ளையில் அதே மாதிரி குழி எடுத்து, நாற்று நடுவதுபோல இடைவெளி விட்டு நடுவது. அப்புறம் லைட் சிகிச்சை கொடுத்தால் ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் நிறம் பரவி இடைவெளியை மூடும். செலவு குறைவு, பெரிய கருவி தேவையில்லை. குறை என்னவென்றால், சிலருக்குத் துணுக்குகள் மேடு மேடாக நின்றுவிடும், விரலால் தடவினால் கூழாங்கல் பதித்த தரை மாதிரி தெரியும். துணுக்கு பெரிதாகப் பெரிதாக இந்த மேடும் அதிகமாகும். உதட்டில் நான் இதைத் தவிர்ப்பது அதனால்தான், கணுக்காலில் யாரும் உற்றுப் பார்க்கப் போவதில்லை. இன்னொன்று, செல் கரைசல். வெள்ளையின் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மெல்லிய தோல் எடுத்தால் போதும், அதை ட்ரிப்சின் என்ற நொதியில் ஊறவைத்துச் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, கரைசலாக்கி, சுரண்டிய இடத்தில் ஊற்றிக் கொலாஜன் தாள் போட்டு மூடுவார்கள். 1992இல் பிரான்சில் ஆரம்பித்த யோசனை, இன்று இந்தியாவில் நிறைய இடங்களில் நடக்கிறது. அகலமான வெள்ளைக்கு இதுபோல நிறத்தைச் சீராகக் கொண்டுவருவது வேறில்லை. உள்ளங்கை அளவுக்குள் அடங்கும் உங்கள் கணுக்காலுக்கு இது கட்டாயமா என்றால், கட்டாயமில்லை. இதை விற்கிற இடத்தில் எல்லாருக்கும் இதுதான் வேண்டும் என்பார்கள், அது வேறு விஷயம்.

எந்த முறையானாலும் கணுக்காலில் பத்து நாளாவது நடமாட்டத்தைக் குறைத்து, காலைத் தூக்கி வைத்து இருக்க வேண்டும். கால் தோல் மெதுவாகத்தான் ஆறும். அதற்கும் முன்னால், இப்போதே, ரப்பர் செருப்பு போடுகிறவர் என்றால் மாற்றிவிடுங்கள். சில ரப்பர்களில் இருக்கும் ரசாயனங்கள் நிறமி செல்களையே கொல்லக்கூடியவை, செருப்பு வார் போகிற தடத்திலேயே வெள்ளை விழுந்தவர்கள் உண்டு. ஸ்டிக்கர் பொட்டின் பசைக்கும் இதே கதைதான், உங்களுக்கு நெற்றியில்தான் ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் வந்தது என்று சொல்ல வரவில்லை, ஆனால் இனிமேல் குங்குமம் போதும்.

விரல் நுனிக்கு வருகிறேன். அங்கே தோல் தடிப்பு, மேல்தோல் அடுக்கடுக்காக வளர்ந்து தேய்ந்துகொண்டே இருக்கும். துணுக்கு வைத்தால் தள்ளிவிடும், கொப்புளக் கூரையை ஒட்டினால் விரலை மடக்கும்போதே நழுவும், கரைசல் ஊற்றினால் வளைந்த பரப்பில் நிற்காமல் வழியும். டாக்டர்கள் சும்மா இருக்கவில்லை. விரலை அசையாமல் தகடு வைத்துக் கட்டுகிறார்கள், கரைசலில் செல்களைக் கூடுதலாகச் செறிவாக்குகிறார்கள், தொடைத் தோலைக் களிம்போடு சேர்த்துச் சுரண்டி வரும் கூழையே எடுத்து விரலில் அப்பும் ஜோத்பூர் முறை என்று ஒன்று ராஜஸ்தானிலிருந்து வந்தது, அதற்கு நொதியும் ஆய்வகமும் தேவையில்லை, கூழாக இருப்பதால் வழிகிற பிரச்சினையும் குறைவு. விரலின் மேல்பக்கம், கணுக்களுக்கு நடுவில் இருக்கும் தோலில் இவையெல்லாம் ஓரளவு பலன் தருகின்றன. நுனியில், நகத்தைச் சுற்றி, உள்பக்கத்தில் பலன் மிகக் குறைவு. வந்த நிறமும் சிலருக்கு நிற்பதில்லை.

அதோடு உங்கள் வேலை. நாரை விரலில் சுற்றி, இழுத்து, முடிச்சுப் போட்டு, மறுபடி சுற்றி, நாள் முழுக்க ஈரத்தோடு அதே இடத்தில் உராய்வு. எந்த விரல்களில் வெள்ளை அதிகம் என்று நீங்களே ஒரு தடவை பாருங்கள், நார் ஓடுகிற பக்கமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆபரேஷன் செய்து மூன்று வாரம் கையைக் கட்டிப்போட்டு உட்கார்ந்துவிட்டு, நாலாவது வாரம் அதே நாரைப் பிடித்தால் அந்த உராய்வே கோப்னருக்குப் போதும். வேலையை விடச் சொல்லும் உரிமை எனக்கில்லை. நார் ஓடும் விரலில் மெல்லிய பருத்தித் துணி நாடாவைச் சுற்றிக்கொண்டு கட்டிப் பழகுங்கள், முதல் வாரம் வேகம் குறையும், அப்புறம் கை பழகிவிடும். ரப்பர் விரலுறை மட்டும் வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

விரலுக்குப் பச்சைகுத்துவது போலத் தோல் நிறச் சாயம் ஏற்றுவதும் இருக்கிறது. உதட்டில் அது கொஞ்ச காலம் நிற்கும், மங்க மங்கத் திரும்ப ஏற்ற வேண்டும், ஆழமாகப் போய்விட்டால் நீலம் பாய்ந்தாற்போலத் தெரியும். விரல் நுனியில் பணத்தை அதற்குச் செலவழிக்காதீர்கள், நிற்காது.

அந்தக் கிளினிக்கைப் பற்றி. நேரில் பார்க்காத இடத்தைக் குறை சொல்ல நான் ஆள் இல்லை, ஆனால் "நூற்றுக்கு நூறு" என்ற வார்த்தை இந்த நோயில் யார் வாயிலிருந்து வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்களா? கடைசியாக எப்போது புதுப் புள்ளி வந்தது என்று அவர்கள் கேட்டார்களா? எந்த முறை, தோல் எங்கிருந்து எடுப்பார்கள், செய்யப்போகிறவர் தோல் சிகிச்சையில் பட்டமேற்படிப்பு முடித்தவரா, விரல் நுனியில் அவர்கள் செய்த ஆறு மாதத்துக்கு அப்புறமான படத்தைக் காட்டுவார்களா? உதட்டுப் படத்தைக் காட்டி விரலுக்குப் பணம் வாங்குவது சுலபம். காயம் பட்டால் தழும்பு தடித்துக் கெலாய்டாக வளரும் உடம்பா என்பதையும் யாராவது உங்கள் தோள், காது குத்திய இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அப்படி இருந்தால் கணக்கே மாறிவிடும். சந்தேகமிருந்தால் முதலில் நம்ம பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் ஒரு காலை வந்து காட்டுங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், ஆனால் உங்களை ஆபரேஷனுக்கு இழுக்கும் அவசரம் அங்கே யாருக்கும் இல்லை. தைராய்டு பரிசோதனையும் எடுத்துவிடுங்கள், வெண்புள்ளியும் தைராய்டும் அடிக்கடி ஒன்றாக வரும்.

மாமியாரின் கார்போகரிசியில் விஷயம் இல்லாமல் இல்லை. அதில் இருக்கும் சோராலன்தான், அளந்த அளவில், எங்கள் மருந்திலும் இருந்தது, இன்னும் இருக்கிறது. பிரச்சினை அளவு தெரியாததில். அரைத்துப் பூசி நம்ம ஊர் வெயிலில் உட்கார்ந்தால் தீப்பட்ட மாதிரி கொப்புளிக்கும், கொப்புளம் காயம், காயம் கோப்னர். முடிக்காலே இல்லாத உதட்டிலும் விரல் நுனியிலும் அதனால் வர வேண்டிய நிறமும் இல்லை. அவரிடம் டாக்டர் வேண்டாம் என்றார் என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள், மருந்து சரிதான், உங்கள் புள்ளி இருக்கும் இடத்துக்கு அது ஏறாது என்று சொல்லுங்கள், வீட்டில் சமாதானம் இருக்கும்.

மீனும் பாலும் இதற்குக் காரணம் இல்லை. இரண்டையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். மகளுக்கு வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை, ஆனால் அம்மாவுக்கு வெண்புள்ளி இருந்தாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை. தொட்டால் ஒட்டுவது கிடையாது, குளிப்பாட்டலாம், ஒரே தட்டில் ஊட்டலாம். வாரம் தவறாமல் அவள் உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், குழந்தை பயந்துபோகும். பள்ளி ஆண்டு விடுமுறையில் ஒரு தடவை பார்த்தால் போதும். ஏதாவது தெரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள், ஆரம்பத்தில் பிடித்தால் ஆபரேஷன் பேச்சே வராமல் போகலாம்.

கார்த்திகை வரை விரல்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நீரில் கரையாத மறைப்புக் கிரீம்கள் கிடைக்கின்றன, பூக்கட்டும் கைக்கு அவை ஒத்துவராது. உங்களுக்கு மருதாணிதான் சரி. வீட்டில் இலை பறித்து அரைத்தது, நுனி வரை தொப்பி மாதிரி வைத்துக்கொண்டால் வெள்ளை தெரியவே தெரியாது, தோலுக்கும் கெடுதல் இல்லை. கடையில் விற்கும் கறுப்பு கோன் மட்டும் கூடாது, கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் தலைச்சாய ரசாயனம் தோலைப் புண்ணாக்கும், நிறமி செல்களையும் அழிக்கும். தோல் டாக்டரைப் பார்க்க வருவதற்கு ஒரு மாதம் முன்னால் மருதாணியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் புள்ளியின் விளிம்பு எங்களுக்குத் தெரியாது. பழைய மருந்துச் சீட்டுகளையும் மாதாமாதம் எடுத்த படங்களையும் எடுத்து வாருங்கள்.